துணி மூட்டைகளுக்குப் பின்னால்

அந்தத் தையல் கூடத்தில் யாரையும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சட்டையில் எந்த இடத்தைத் தைக்கிறாளோ அதுவே அவள் பெயர். கை தைப்பவள் கை, பாக்கெட் தைப்பவள் பாக்கெட். பட்டனுக்கு ஓட்டை போடுகிறவள் காஜா. அவள் வாயும் அதே வேலையைத்தான் பார்க்கும், யார் பேச்சிலாவது ஒரு ஓட்டை போட்டுவிட்டுத்தான் ஓயும். நம்முடைய ஆள் காலர். பத்து வருஷமாகக் காலர். உள்ளே விறைப்பாக நிற்கக் கேன்வாஸ் துணி வைத்துத் தைத்து, திருப்பி, ஒரு மரக்குச்சியால் முனையைக் குத்தி வெளியே எடுத்து, மேல்தையல் ஓட்ட வேண்டும். வலது முனை கூராகவும் இடது முனை மொண்ணையாகவும் வந்தால் சட்டை போட்டவன் மூஞ்சியே கோணலாகத் தெரியும். அவள் தைத்ததில் அப்படி ஒன்றுகூட வந்ததில்லை என்று சூப்பர்வைசரே ஒத்துக்கொள்வார். அந்த மனுஷன் சாதாரணமாக எதையும் ஒத்துக்கொள்கிற ஜாதி இல்லை.

கூடத்தின் மூலையில் ஒரு டிவி உண்டு. அதில் படம் வராது, சத்தம் மட்டும் வரும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் பட்டென்று திரை கறுத்துப்போனது. ரிப்பேருக்கு ஆள் கூப்பிடலாம் என்று பெண்கள் கேட்டபோது சூப்பர்வைசர் சொன்ன பதில் இதுதான்: "படம் வந்தா கை நிக்கும். சத்தம் போதும்." அதற்கு மேல் பேச்சில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு நாடகம் ஆரம்பித்தால் இருபத்திரண்டு மிஷினும் ஒரே வேகத்தில் ஓடும், இருபத்திரண்டு ஜோடிக் காதும் மூலையில் இருக்கும். நாடகம் திரை கறுத்த பிறகு ஆரம்பித்தது; வேற்று மொழியில் எடுத்துத் தமிழில் பேசவிட்டது.

வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளலாமே, கைக்குள் ஃபோன் இருக்கிற காலத்தில் இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று கேட்பீர்கள். கேளுங்கள், நியாயம்தான். ஒரு முறை மடிப்பு தைக்கிறவள் லீவு போட்ட நாளில் வீட்டில் பார்த்துவிட்டாள். மறுநாள் வந்து, "அந்த டிரைவர் குள்ளம்டி. முன்னாடி முடியும் இல்ல. காதுல கடுக்கன் வேற," என்று அவிழ்த்துவிட்டாள். அவ்வளவுதான், கூடமே இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. கை அழுதேவிட்டாள். ஒரு வாரம் யாரும் மடிப்போடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்றைக்கு எல்லோரும் கூடி ஒரு சத்தியம் செய்தார்கள்: இந்த நாடகத்தை எவளும் கண்ணால் பார்க்கக் கூடாது. அந்தச் சத்தியத்தை ஏறக்குறைய மூன்று வருஷமாகக் காப்பாற்றிவந்தார்கள்.

நாடகம் இதுதான். பெரிய வீட்டுப் பெண் ஒருத்தி. அவள் வீட்டில் கார் ஓட்டுகிற டிரைவர் மேல் அவளுக்கு ஆசை. டிரைவரோ நிஜத்தில் டிரைவரே இல்லை. அவள் அப்பாவின் ஜென்ம எதிரியுடைய மூத்த மகன், பழிவாங்கப் பொய்ப் பெயரில் வந்து நுழைந்தவன், வந்த இடத்தில் மனசைப் பறிகொடுத்துவிட்டான். அவள் டிரைவரைக் காதலிக்கக் கூடாது, அவன் தன்னை யாரென்று சொல்லக் கூடாது. கூடத்தில் இருந்தவர்களுக்கு இது தேனாக இனித்ததில் என்ன ஆச்சரியம்? யாருக்கு எப்போது தலைவலி, யார் மாமியார் எதற்கு முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள், எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த இடம் அது. மறைப்பதற்கென்று ஒரு விஷயம் கையில் இருப்பதே பெரிய வசதி என்று நினைக்கிற பெண்கள். காலர்தான் அதில் முதல் ஆள்.

ஏனென்றால் அவள் கல்யாணமே பாதி காதால் நடந்தது. கல்யாணமாகி நாற்பதாம் நாள் புருஷன் வெளிநாட்டு வேலைக்குப் போனார். பன்னிரண்டு வருஷம். நடுவில் மூன்றே தடவை வந்தார், ஒவ்வொரு தடவையும் மூன்று வாரம், வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். அவர் வேலை பார்த்த எண்ணெய் ஆலைக்குள் கேமரா ஃபோன் கூடாது. வெளியே வந்து படத்தோடு பேசலாம் என்று ஒன்றிரண்டு முறை முயன்றார்கள். பாதியில் படம் உறைந்து, அவர் வாயைப் பிளந்தபடி நின்றுபோனார். "வேணாங்க, பயமா இருக்கு. சும்மா பேசுங்க," என்றாள் காலர். அப்படியே பழகிவிட்டது. தினம் ஒரு மணி நேரம் அந்தக் குரல். நிதானமான குரல், வாக்கியம் முடியும்போது கொஞ்சம் கரகரக்கும். அந்தக் குரலுக்கு அவள் நாடகக் கதை முழுவதும் சொல்வாள், ஒரு வசனம் விடாமல். அது, "அப்புறம்?" என்று கேட்கும். அந்த 'அப்புறம்'தான் அவளுடைய இல்லறம்.

போன மாதம் அவர் ஒரேயடியாகத் திரும்பி வந்துவிட்டார்.

எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். பதினொரு வயது மகள் இரண்டே நாளில் அப்பாவின் முதுகில் சாய்ந்துகொண்டு வீட்டுப்பாடம் எழுதினாள். காலருக்குத்தான் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஹாலில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். தோள் சரிந்த, கழுத்து தடித்த, யாரோ ஒருவர். துண்டை நான்காக மடிக்கிறார், சமையலறை டப்பாக்களை உயர வரிசையில் அடுக்குகிறார், தும்மினால் மூன்று தும்மல். அவர் ஹாலிலிருந்து கூப்பிட்டால் இவள் கண் ஃபோனைத் தேடும். குரல் அதே குரல்தான், ஆனால் வரக் கூடாத இடத்திலிருந்து வந்தது. அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் இவள் எழுந்து ஏதாவது வேலை பார்ப்பாள். யாருக்கோ துரோகம் செய்கிற மாதிரி நெஞ்சு படபடக்கும். யாருக்கு? தன் புருஷனுக்குத்தான். யாரோடு? அதே புருஷனோடு. இதை எந்த வாயால் வெளியே சொல்வது?

நிலைமை இப்படி இருக்கும்போது ஒரு திங்கட்கிழமை நாடகத்தில் டிரைவரின் குரல் மாறிப்போனது.

"கதவைத் திற. நான்தான் வந்திருக்கேன்," என்றான் டிரைவர். இருபத்திரண்டு மிஷினும் நின்றன. அது டிரைவரின் குரலே இல்லை. வழவழவென்று, வெண்ணெய் தடவின குரல். பெரிய வீட்டுப் பெண் கதவைத் திறந்தாள், "எவ்வளவு நேரமா காத்திட்டிருக்கேன் தெரியுமா?" என்று கொஞ்சினாள். சூப்பர்வைசர் மேஜையைத் தட்டின பிறகுதான் மிஷின்கள் ஓடின.

அன்று மாலைக்குள் கூடம் மூன்று கட்சியாக உடைந்தது. சளி பிடித்திருக்கும், ஒரு வாரத்தில் சரியாகும் என்றது கையின் கட்சி. அவனுக்கு இரட்டைப் பிறவி ஒருத்தன் இருக்கிறான், இத்தனை நாள் மறைத்துவிட்டார்கள் என்றது பாக்கெட்டின் கட்சி. காலர் சொன்னது வேறு: "இவன் வேற ஆள். டிரைவரைக் கொன்னுட்டோ கட்டிப் போட்டுட்டோ அவன் இடத்துல வந்து நிக்கிறான். அந்தப் பொண்ணு யாரோ ஒருத்தன் கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுதிட்டிருக்கா."

"அப்படின்னா அவளுக்குத் தெரியாதா?" என்றாள் காஜா.

"அதான்டி எனக்கு எரியுது! குரல் மாறினதுகூடவா தெரியாது ஒரு பொம்பளைக்கு?" காலர் போட்ட சத்தத்தில் சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தார். கட்சி வளர்ந்தது. வாரக் கடைசியில் பதினாறு பேர் அவள் பக்கம். கண்ணால் ஒரு நொடி பார்த்தால் தீர்கிற வழக்கு. ஆனால் சத்தியம் சத்தியமாயிற்றே, எவளும் பார்க்கவில்லை.

அந்த வாரம்தான் காலர் வேறொரு வம்பிலும் மாட்டிக்கொண்டாள். கேஸ் சிலிண்டர் வருகிற நாளென்று ஞாபகம் வந்து, சாப்பாட்டு நேரத்தில் வேலை நேரத்தில் எல்லோரும் ஃபோனைப் போட்டுவைக்கிற வாசல் தட்டிலிருந்து தன்னுடையதை எடுத்துக்கொண்டு, சத்தமில்லாத இடம் தேடித் துணி குடோனுக்குள் போனாள். மூட்டைகளுக்குப் பின்னால் நின்று வீட்டுக்கு அடித்தாள்.

"சொல்லு," என்றது குரல்.

அவ்வளவுதான். அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த ஆள்! அவளுடைய ஆள்! சிலிண்டரை மறந்தாள். டிரைவர் குரல் மாறினது, மூன்று கட்சி, காஜாவின் குறுக்குக் கேள்வி, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள். "அப்புறம்?" என்றது குரல். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். இருபது நிமிஷம் போனதே தெரியவில்லை. மாலையில் வீட்டுக்குப் போனால் ஹாலில் அந்தத் தோள் சரிந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். "சிலிண்டர் வந்துச்சு," என்றார். "ம்," என்றாள். அதோடு அன்றைய பேச்சு முடிந்தது.

மறுநாளும் குடோனுக்குப் போனாள். அதற்கு மறுநாளும். சாப்பாட்டைப் பத்து வாயில் முடித்துவிட்டு ஓடுவாள். அவரும் ஃபோனில் மணி அடிப்பதற்குள் எடுப்பார். இருவரும் ஒரே வீட்டில் இருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். அவர் இன்னமும் தூரத்தில் இருப்பது போலவே, "உடம்பைப் பாத்துக்க," என்று சொல்லித்தான் வைப்பார். இப்படியும் ஒரு தம்பதியா என்று கேட்காதீர்கள், சொல்கிற எனக்கே மண்டை காய்கிறது.

காஜா விடுவாளா? மூன்றாவது நாளே குடோன் கதவருகில் நின்று காதைத் தீட்டிக்கொண்டாள். நாலாவது நாள் கூடம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது.

"வீட்டுல புருஷன் வந்து உக்காந்திருக்கார். அக்கா இங்க மூட்டைக்குப் பின்னாடி யார்கிட்டயோ கொஞ்சுறா," என்றாள் காஜா, காலரின் காதில் விழும்படியாகவே.

பாக்கெட் மட்டும் நேராகவே கேட்டாள். "யாருக்கா அது? எங்கிட்ட மட்டும் சொல்லு. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

'என் வீட்டுக்காரர்தான்' என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால், பின்னே ஏன் ஒளிந்துகொண்டு பேசுகிறாய், வீட்டில் பேசினால் ஆகாதா என்று அடுத்த கேள்வி வருமே! கள்ளக் காதலன் என்று நினைத்தால்கூடப் புரிந்துகொள்வார்கள்; சொந்தப் புருஷன் என்றால் பைத்தியம் என்பார்கள். அதைவிட இன்னொன்று. உண்மையைச் சொல்லுகிறேன், அவளுக்கு அந்த வம்பு பிடித்திருந்தது. முப்பத்தாறு வயதில் முதல் தடவையாக அவளிடம் ஒரு ரகசியம் இருந்தது. பெண்கள் அவளைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. "யாரோ ஒருத்தர்," என்று சொல்லிவிட்டு மரக்குச்சியை எடுத்து முனையைக் குத்தினாள். முகம் சிவந்திருந்தது.

அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. பழைய கம்பெனி மறுபடி மூன்று வருஷத்துக்கு அவரைக் கூப்பிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும். அவர் அதைச் சாப்பாட்டு மேஜையில் தண்ணீர்ச் சொம்புக்கு அடியில் வைத்திருந்தார். அவள் படித்தாள், பழையபடி வைத்தாள். இருக்கச் சொல்லவா, போகச் சொல்லவா? போனால் குரல் கிடைக்கும், தினம் ஒரு மணி நேரம், ஒளிவு மறைவு இல்லாமல். இருந்தால் இந்த ஆள் இருப்பார். என்ன வேண்டும் என்று அவளுக்கே தெரியவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "அந்த டிரைவர் வேற ஆள் இல்ல. அதே ஆள்தான். பேசறவரைத்தான் மாத்திட்டாங்க."

அவள் கை சோற்றிலேயே நின்றது. "யார் சொன்னா உங்களுக்கு?"

"நானே பாத்தேன். வந்ததிலிருந்து தினமும் ரெண்டு மணிக்குப் பாக்கறேன்."

"யாரு உங்களைப் பாக்கச் சொன்னது? நாங்க சத்தியம் பண்ணியிருக்கோம்! யாருமே பாக்கறதில்ல! உங்களுக்குத் தெரியாதா, நான்தான் அன்னைக்கே சொன்னேனே!"

"சத்தியம் நீங்க பண்ணது. நான் பண்ணலியே." ரசத்தை ஊற்றிக்கொண்டார். "வீட்டுல நீ எங்கிட்டக் கதை சொல்றதில்ல. எதையாவது பேசணுமேன்னு பாத்தேன்."

மகள் அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். காலர் எழுந்து போய்க் கை கழுவினாள், சாப்பிட்டு முடிக்காமலே. குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றாள். அதே முகம், குரல்தான் வேறு. அப்படியானால் அந்தப் பெண் ஏமாறவில்லை. அவள் கண்ணுக்கு அவன் அவனேதான். பதினாறு பேரைச் சேர்த்துக்கொண்டு அவளைப் போய்த் திட்டினோமே! குரல்தான் ஆள் என்று அடித்துச் சொன்னது யார்? அப்படியென்றால் ஹாலில் இருக்கிறவரிடம் இருப்பதும் அதே குரல்தானே, இவரை ஏன் பிடிக்கவில்லை? ஒன்றும் விளங்கவில்லை. அழுகை வந்தது, எதற்கு என்றுகூடத் தெரியவில்லை.

வியாழக்கிழமை அவள் கூடத்தில் டிரைவர் பேச்சையே எடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் சத்தியம் உடையும், சொல்லாவிட்டால் பொய்க் கட்சிக்குத் தலைவி.

"என்னக்கா, உன் கட்சி என்ன சொல்லுது?" என்றாள் பாக்கெட்.

"தெரியலடி. எனக்கு ஒண்ணும் தெரியல," என்றாள் காலர். அன்று ஒரு காலரில் இடது முனை மொண்ணையாக வந்தது. பிரித்துத் தைத்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றாள். அவர் எடுத்தார். இந்தத் தடவை 'சொல்லு' என்று சொல்லவில்லை.

"நாளைக்குப் பதில் போடணும்," என்றார். "போகட்டுமா?"

அவள் மூட்டையின் சணல் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் அங்க இருந்தா நீ இப்படிச் சிரிச்சுப் பேசுவ. இங்க இருந்தா 'ம்'னு மட்டும் சொல்லுவ. எனக்கும் அந்தப் பொண்ணுதான் வேணும்னு இருக்கு, ஃபோன்ல பேசறவ. இங்க வீட்டுல இருக்கறவளைப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு." குரல் கரகரத்தது. "உனக்குச் சொல்லச் சங்கடமா இருந்தா ஃபோன்லயே சொல்லிடு. போங்கன்னா போறேன்."

ஆகா, அவருக்கும் இதே கஷ்டமா! ஒரு மாதமாகத் தான் மட்டும்தான் யாரோ ஒருவரோடு குடித்தனம் நடத்துவதாக நினைத்தாள். அவரும் அப்படித்தான் நடத்தியிருக்கிறார், அந்த யாரோ ஒருத்தி இவள். அவளுக்கு வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. பதில் சொல்லாமல் ஃபோனை வைத்தாள்.

நேரே சூப்பர்வைசரிடம் போய், "அண்ணே, எனக்கு அரை நாள் லீவு வேணும்," என்றாள். பத்து வருஷத்தில் அவள் கேட்ட முதல் அரை நாள். அவர் காரணம் கேட்கக்கூட மறந்துபோய்த் தலையாட்டினார். அவள் வாசலைத் தாண்டும்போது பின்னால் காஜா, "போறா பாரு, அவனைப் பாக்கத்தான் போறா!" என்று சொன்னது காதில் விழுந்தது. திரும்பி, "ஆமாடி, அவரைப் பாக்கத்தான் போறேன்," என்றாள்.

இரண்டு பஸ் மாறி, வெயிலில் நடந்து வீட்டுக்கு வந்தாள். கதவு திறந்திருந்தது. அவர் டிவியின் முன்னால் இருந்தார். அவளைப் பார்த்ததும் பதறி, ரிமோட்டைத் தேடி எடுத்து அணைத்தார், அவள் சத்தியம் அவரால் கெடக் கூடாதென்று. அவள் திரையைப் பார்க்கவில்லை. நடை வாசலிலேயே செருப்போடு நின்றுகொண்டு அவரைப் பார்த்தாள். முழுசாக, தலையிலிருந்து கால்வரை, வந்த நாளிலிருந்து முதல் தடவையாக.

"எனக்கு உங்களை இன்னும் பிடிக்கல," என்றாள்.

அவர் எழுந்து நின்றார். முகம் வாடிப்போயிருந்தது. "இதை ஃபோன்லயே சொல்லியிருக்கலாமே. இவ்வளவு வெயில்ல எதுக்கு..."

"ஃபோன்ல இருக்கறவரை எனக்குப் பிடிக்கும். அவர்கிட்ட எப்படிச் சொல்றது?" அவளுக்கு மூச்சு வாங்கியது. "நீங்க போயிட்டா அவர் திரும்ப வந்துடுவாருங்க. வந்தா எனக்கு அவரே போதும்னு ஆயிடும். சாகற வரைக்கும் போதும்னு ஆயிடும். நீங்க போகாதீங்க."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.